கிழத்தவளை மறுபடியும் முட்டையாகுமா? ஹோஷங்காபாத் ஆசிரியர்கள் கற்பிக்கக் கற்ற வரலாறு

சென்ற மழைக்காலத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு இரண்டு வாரம் வகுப்பெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் மொழியியல் படித்தவன்; பள்ளி அறிவியல் பாடநூல்களின் மொழியே என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். இடம் ஒரு வட இந்திய நகரம். மாணவர்கள் இந்தி வழியில் பயில்பவர்கள். 'வாழ்க்கைச் சுழற்சி' என்ற பாடத்தின் கலைச்சொற்களை விளக்குவதற்காகக் கரும்பலகையில் வழக்கமான படத்தை வரைந்தேன். முட்டை, தலைப்பிரட்டை, கால் முளைத்த தலைப்பிரட்டை, வால் சுருங்காத இளந்தவளை, தவளை, இடையிடையே அம்புக்குறிகள், தவளையிலிருந்து முட்டைக்குத் திரும்பும் கடைசி அம்பு. வட்டம் நிறைவுற்றது.

வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி வந்து பேசினார். அவர் கற்பித்தல் பயிற்சிக்குச் சென்றிருந்த பள்ளியில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இதே படத்தைப் பார்த்துக் கேட்டாளாம்: "தீதி, கிழத்தவளை மறுபடியும் முட்டையாகிவிடுமா?"

"இல்லை" என்று பதில் சொல்லிவிட்டதாகவும், ஏன் இல்லை என்பதைச் சொல்லத் தெரியவில்லை என்றும் அவர் கூறினார். எனக்கும் அப்போது தெரியவில்லை. படத்தை மட்டும் நம்பினால் 'ஆகும்' என்பதே சரியான விடை. அம்புக்குறி அப்படித்தான் சொல்கிறது. சிறுமி படத்தைத் தவறாகப் படிக்கவில்லை. நாங்கள் இருவரும்தான் அதை ஒருபோதும் படிக்காமலே வரைந்திருந்தோம்.

ஒரு தவளையைக்கூட வளர்த்துப் பார்க்காத இருவர், அதைப் பற்றிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப் புறப்பட்டிருந்தோம் என்பது அன்றிரவுதான் உறைத்தது. இப்படிப்பட்ட ஆசிரியர்களுக்கு உயிர்களின் வாழ்வைக் கற்பிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் இந்நாட்டில் யாராவது உண்டா என்று தேடியபோது, அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு முயற்சியிடம் சென்று சேர்ந்தேன். இப்பதிவு அதைப் பற்றியது.

1

'இயற்கையை நேரில் கண்டு கற்க வேண்டும்' என்ற அறிவுரை இந்தியக் கல்விக்குப் புதிதன்று. ஐரோப்பாவில் பெஸ்டலோட்சியின் வழியில் வளர்ந்த பொருட்பாட முறை 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய அரசின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. பொருளைக் கையில் கொடுத்துக் குழந்தையைப் பேசவைப்பது அதன் நோக்கம். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து, ஜாகிர் உசேன் தலைமையிலான குழு ஆதாரக் கல்விக்கான பாடத்திட்டத்தை வகுத்தது. அதில் பொது அறிவியலின் முதல் உறுப்பாக இயற்கைக் கல்வி இடம்பெற்றது. 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரிக் குழு, பள்ளியின் முதல் பத்தாண்டுகளில் அறிவியல் அனைவருக்கும் உரியது என்றது. 1975இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் வெளியிட்ட பத்தாண்டுப் பள்ளிக்கான கலைத்திட்டம் தொடக்க வகுப்புகளில் 'சூழ்நிலையியல்' என்ற பாடத்தை நிறுவியது.

இந்த ஆவணங்களை வரிசையாக வைத்துப் படித்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. குழந்தை எப்படிக் கற்க வேண்டும் என்பதில் அனைத்தும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன. மனப்பாடத்திலேயே வளர்ந்து, மனப்பாடத்திலேயே தேர்ச்சி பெற்று வகுப்பறைக்கு வரும் ஆசிரியர், தாம் ஒருபோதும் செய்யாத ஒன்றை எப்படிச் செய்விப்பார் என்ற கேள்விக்கு அவற்றில் நடைமுறை விடை கிடைப்பதில்லை. விளைவு நமக்குத் தெரிந்ததே. பொருட்பாடம் பொருளின் படத்தைப் பற்றிய பாடமாயிற்று. இயற்கைக் கல்வி, இயற்கையைப் பற்றிய வினா விடையாயிற்று.

2

1972 மே மாதம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டம். இன்று அதன் பெயர் நர்மதாபுரம். ஹோஷங்காபாத் நகரை ஒட்டிய ரசூலியாவில், குவேக்கர்கள் தொடங்கிய கிராம மையமொன்று இருந்தது. அதுவும், அதே மாவட்டத்தின் பன்கேடி வட்டாரத்தில் அனில் சத்கோபால் முதலியோர் அமைத்திருந்த கிஷோர் பாரதி என்ற நிறுவனமும் இணைந்து, 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் முறையை மாற்றிப் பார்க்க மாநில அரசிடம் அனுமதி பெற்றன. சத்கோபால் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியலாளராகப் பணியாற்றிவிட்டுக் கிராமத்திற்கு வந்தவர். அந்நிறுவனத்தின் அறிவியலாளர்களும், பின்னர் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் கோடை விடுமுறைகளில் வந்து உடன் உழைத்தார்கள். ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் என்று வரலாற்றில் பெயர் பெற்ற முயற்சி இதுவே.

திட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கானது. இந்தியக் கல்விமுறையில் எட்டாம் வகுப்புவரை தொடக்கக் கல்வியே. குழந்தைகளின் வயது 11 முதல் 14.

இத்திட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குழந்தைகளையும், அவர்கள் கையில் கிடைத்த எளிய சோதனைக் கருவிகளையும், 'இளம் அறிவியலாளர்' என்று பொருள்படும் 'பால் வைக்யானிக்' பயிற்சி நூல்களையும் நினைவுகூர்வார்கள். விடைகளை அச்சிடாமல் சோதனைகளையும் கேள்விகளையும் மட்டுமே தந்த நூல்கள் அவை. புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வும், செய்முறைத் தேர்வும், குழந்தைகள் எந்தக் கேள்வியையும் கடிதமாக எழுதி அனுப்பக்கூடிய 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதரும் புகழ்பெற்றவை. என் ஆய்வுக்கு முதன்மையாகத் தோன்றுவது இவை அனைத்துக்கும் அடியில் இருந்த ஆசிரியர் பயிற்சி.

பயிற்சியின் விதி மிக எளியது. குழந்தை செய்யவேண்டிய ஒவ்வொரு சோதனையையும் ஆசிரியர் முதலில் தாமே செய்யவேண்டும். ஒவ்வொரு வகுப்பின் பாடத்துக்கும் ஏறத்தாழ மூன்று வாரம் என்ற கணக்கில் தொடர்ந்து மூன்று கோடைகள். ஆசிரியர்களில் பலர் பள்ளிப் படிப்பிற்கு மேல் அறிவியல் பயிலாதவர்கள். அவர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து, இலைகளைச் சேகரித்து வகைப்படுத்தினார்கள். வேரையும் இலை நரம்பையும் ஒப்பிட்டார்கள். விதை முளைப்பதைக் குறித்தார்கள். பயிற்சியளிப்பவர் விடை சொல்லமாட்டார். பல்கலைக்கழகப் பேராசிரியரும் கிராமப் பள்ளி ஆசிரியரும் ஒரே தரையில் உட்கார்ந்து ஒரே சோதனையில் தோற்றார்கள். பள்ளி திறந்தபின் மாதந்தோறும் ஆசிரியர் கூட்டம். வகுப்பறைக்கு வந்து உடனிருக்கும் துணையாளர்கள். ஆசிரியர்களின் பின்னூட்டத்தால் பாடங்களையே திருத்தி எழுதும் வழக்கம்.

3

'பால் வைக்யானிக்' நூல்களின் உயிரியல் பகுதியில் ஈ, தவளை முதலிய உயிர்களின் வாழ்க்கைச் சுழற்சியை நேரில் கவனித்து அறியும் பாடம் உண்டு. ஏன் இவை? சிங்கமும் யானையும் பாடநூலில் அழகாக இருக்கும். ஆனால் ஈ எல்லாப் பள்ளிக்கும் வரும். சாணம் எல்லா ஊரிலும் கிடைக்கும். வெப்பமான பருவத்தில் ஈயின் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். புழு சில நாட்களில் கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து ஈ வரையிலான பயணம் ஏறக்குறைய பத்து நாட்களில் முடிந்துவிடும். இரண்டு வாரப் பாடவேளைக்குள் முழு வாழ்வொன்றைக் காட்டக்கூடிய ஆசான் ஈயைத் தவிர வேறு யார்?

இதில் ஆழமான சிக்கலும் இருந்தது. சாணத்திலிருந்து புழு தானே உண்டாகிறது, முதல் மழையோடு தவளை மண்ணிலிருந்து பிறக்கிறது என்ற எண்ணம் இந்தியக் கிராமங்களில் பரவலானது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது; நியாயமன்று. நேற்றுவரை வெறும் சாணம், இன்று அதில் நெளியும் புழுக்கள். வெறும் கண்ணால் பார்ப்பவர் வேறு எந்த முடிவுக்கு வருவார்? அரிஸ்டாட்டிலும் இதே முடிவுக்கு வந்தவர்தான். 1668இல் இத்தாலியின் பிரான்செஸ்கோ ரெடி இறைச்சியைச் சில குப்பிகளில் திறந்தும் சில குப்பிகளில் மெல்லிய துணியால் மூடியும் வைத்து, ஈ அணுகாத இறைச்சியில் புழு தோன்றுவதில்லை என்று காட்டும்வரை ஐரோப்பாவின் கற்றறிந்தோரும் பெரும்பாலும் இதையே நம்பினார்கள். ஆகவே ஈயின் வாழ்க்கையைக் கற்பிக்கப் புகும் ஆசிரியர், தம் ஊராரின் நம்பிக்கையோடு மட்டுமன்றித் தம் கண்ணால் கண்ட 'சான்றோடும்' மோதவேண்டியிருக்கிறது. பாடநூலின் வாக்கியம் அந்தச் சான்றை வெல்லாது. வேறொரு சான்றுதான் வெல்லும்.

இதை எழுதுவதற்கு முன் நானும் செய்து பார்த்தேன். விடுதிக்கு அருகிலிருந்த மாட்டுத் தொழுவத்திலிருந்து சாணம் எடுத்துவந்து இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் போட்டேன். ஒன்றைத் திறந்து வைத்தேன். மற்றொன்றின் வாயை மெல்லிய துணியால் கட்டினேன். மூன்றாம் நாள் இரண்டு குப்பிகளிலும் புழுக்கள்.

ரெடி பொய்த்துவிட்டார். அல்லது நான் எங்கோ தவறியிருக்கிறேன். நேர்மையாகச் சொன்னால், மூடிய குப்பியைச் சத்தமில்லாமல் கொட்டிவிட்டு மாணவர்களிடம் 'சரியான' முடிவைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணமே முதலில் வந்தது. பிறகு தொழுவத்துக்குப் போய் நின்று பார்த்தேன். சாணம் தரையில் விழுந்த ஒரு நிமிடத்துக்குள் ஈக்கள் வந்து அமர்ந்துவிடுகின்றன. நான் எடுத்துவந்ததோ காலையில் விழுந்த சாணம். முட்டைகளையும் சேர்த்தே மூடியிருக்கிறேன். அடுத்த முறை விழுந்தவுடன் அள்ளி அங்கேயே மூடினேன். அந்தக் குப்பியில் புழு வரவில்லை.

முதல் முறையே சோதனை ஒழுங்காக நடந்திருந்தால், ஈ எவ்வளவு விரைவாக வருகிறது என்பதை நான் அறிந்திருக்கமாட்டேன். ஹோஷங்காபாத் பயிற்சியில் மூன்று வாரம் ஏன் தேவைப்பட்டது என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. சோதனை செய்யத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும். சோதனை பொய்க்கும்போது வகுப்பின் முன் நின்று, 'இது ஏன் இப்படி ஆயிற்று?' என்று வெட்கமின்றிக் கேட்கப் பழகுவதற்கு நாட்கள் ஆகும். தம்மைப் போன்ற பிறரோடு சேர்ந்து தோற்கும் இடமும் வேண்டும்.

4

மொழியியல் மாணவன் என்ற முறையில் சொற்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும்.

மத்தியப் பிரதேச உழவர்களின் பேச்சில் பயிரைத் தின்னும் புழுவுக்கு 'இல்லி' என்று பெயர். கூட்டுப்புழு நிலைக்குச் 'சங்கி' என்று ஒரு சொல் வேளாண் வழக்கில் உண்டு. சங்கின் வடிவை நினைவூட்டும் சொல். லார்வா, பியூப்பா என்ற பெயர்களை மனப்பாடம் செய்யும் குழந்தையின் தந்தை வயலில் இல்லிக்கு மருந்தடித்துக்கொண்டிருப்பார். இரண்டும் ஒன்று என்று அக்குழந்தைக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். வீட்டுச் சொல்லிலிருந்து தொடங்கி, கண்டு முடித்தபின் கலைச்சொல்லுக்குச் செல்வது வேறு. கலைச்சொல்லை எழுதிப்போட்டு அதற்குப் பொருள் சொல்வது வேறு. முதல் வழியில் சொல், ஏற்கனவே அறிந்த ஒன்றுக்குச் சூட்டும் பெயர். இரண்டாம் வழியில் சொல்லே அறிவாகிவிடுகிறது. தமிழிலும் இதே நிலைதான். தலைப்பிரட்டை என்ற நல்ல சொல்லைக் குளத்தங்கரைக் குழந்தைகள் அறிவார்கள். ஆனால் பாடத்தில் அச்சொல்லைப் படிக்கும்போது, தாம் கையில் அள்ளி விளையாடியதுதான் அது என்று எல்லாக் குழந்தைகளும் உணர்வதில்லை.

'சுழற்சி' என்பது இன்னும் நுட்பமான இடர். இந்தியில் 'ஜீவன் சக்ர', தமிழில் 'வாழ்க்கைச் சுழற்சி'. சக்கரம், சுழற்சி என்ற சொற்களைக் கேட்டதும், ஒரே பொருள் சுற்றிவந்து தொடங்கிய இடத்தை அடைவதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் இங்கே எந்த ஒரு தவளையும் சுற்றி வருவதில்லை. ஒவ்வொரு தவளைக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. சுற்றி வருவது வடிவம்தான்; உயிர் அன்று. முதல் நான்கு அம்புகள் 'இது அதுவாக மாறுகிறது' என்று சொல்கின்றன. கடைசி அம்பு மட்டும் 'இது அதை ஈனுகிறது' என்று சொல்கிறது. ஐந்து அம்புகளும் ஒரே மாதிரி வரையப்பட்டிருப்பதால் இரண்டு வெவ்வேறு வினைச்சொற்கள் ஒன்றாகிவிடுகின்றன. அச்சிறுமி தடுமாறிய இடம் இதுதான்.

5

படம் மறைப்பது இன்னும் ஒன்று உண்டு. வாழ்க்கைச் சுழற்சிப் படத்தில் யாரும் சாவதில்லை.

மழைக்கால இந்தியாவின் பெரிய சொறித்தவளை ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு குளத்தில் தவளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது என்றால், ஓர் இணை தன் வாழ்நாளில் இட்ட முட்டைகளில் சராசரியாக இரண்டு மட்டுமே வளர்ந்து இனம் பெருக்கும் தவளைகளாகின்றன. மற்றவை என்னவாயின? மீன் தின்றது, நீர்வண்டு தின்றது, தும்பியின் இளம்புழு தின்றது, கொக்கு தின்றது. குட்டை வற்றியபோது கருகியவை பல. பெரிய தலைப்பிரட்டை சிறியதைத் தின்றதும் உண்டு. வாழ்க்கைச் சுழற்சிப் பாடத்திலிருந்து விடுபட்ட இந்த மரணங்களின் தொகுப்புக்குத்தான் அடுத்த பாடத்தில் 'உணவுச் சங்கிலி' என்று பெயர் வைக்கிறோம். அதற்கும் அடுத்த பாடத்தில் 'சூழல் மண்டலம்' என்கிறோம். 1935இல் பிரித்தானியத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி இக்கருத்துக்கு ஆங்கிலப் பெயரைச் சூட்டியபோது வலியுறுத்தியது, உயிர்களையும் அவற்றைச் சூழ்ந்த மண், நீர், காற்று ஆகியவற்றையும் ஒரே அமைப்பாகக் காணவேண்டும் என்பதையே. நம் பாடநூல்களோ மூன்று அலகுகளாக, மூன்று மாத இடைவெளியில், மூன்று தனித்தனிப் படங்களாக அவற்றைக் கற்பிக்கின்றன.

குட்டையிலிருந்து அள்ளிவந்த தலைப்பிரட்டைகளை ஒரு தொட்டியில் வளர்த்துப் பார்த்த ஆசிரியருக்கு இந்தப் பிரிவினை செல்லுபடியாகாது. முதல் வாரத்திலேயே பாதி இறந்துவிடும். ஏன் இறந்தன என்று குழந்தைகள் கேட்பார்கள். நீர் கெட்டதா, உணவு போதவில்லையா, வெயிலா? அக்கேள்விகளில் ஒவ்வொன்றும் சூழல் பற்றிய கேள்வி. இறப்பு நிகழ்ந்த அந்த இடத்தில் முதல் பாடம் இரண்டாம் பாடத்தோடு தானே இணைந்துவிடுகிறது. படம் வரைந்து கற்பிப்பவருக்கு இந்த வாய்ப்பு அமைவதில்லை. அவருடைய தலைப்பிரட்டைகள் அனைத்தும் பிழைத்துக்கொள்கின்றன.

ஹோஷங்காபாதில் சூழல் என்பது பாடநூலுக்கு வெளியேயும் வந்து நின்றது. 1970களின் நடுவில் தவா அணையின் நீர் அம்மாவட்டத்து வயல்களுக்குப் பாயத் தொடங்கியது. நீரை இறுகப் பிடித்துவைக்கும் கரிசல் மண். வடிகால் போதாத கால்வாய்கள். பல வயல்கள் நீர் தேங்கிக் கெட்டன. 1977இல் அங்கே எழுந்த 'மிட்டி பசாவோ', அதாவது மண்ணைக் காப்போம் இயக்கத்தில் முன்னின்றவர் பன்வாரிலால் சௌத்ரி. அறிவியல் திட்டம் கால்கொண்ட அதே ரசூலியா மையத்தோடு நெருங்கிய தொடர்புடையவர் அவர். அதே காலத்தில் இந்தியாவின் வயல்களிலிருந்து தவளைகள் பெருமளவில் பிடிக்கப்பட்டு, அவற்றின் கால்கள் மேலைநாட்டு உணவுமேசைகளுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. பூச்சிகளைத் தின்னும் தவளைகள் குறைவது குறித்து எச்சரிக்கைகள் எழுந்து, 1987இல் அவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டது. தவளையின் வாழ்க்கையைக் கவனித்த குழந்தைக்கு இச்செய்திகள் பொது அறிவுத் துணுக்குகளாக இரா. தான் வளர்த்த ஒன்றின் கதையாக இருக்கும்.

6

1978இல் திட்டம் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 1982இல் இப்பணியைத் தொடர்ந்து நடத்தவென்றே ஏகலவ்யா என்ற நிறுவனம் உருவாயிற்று. பின்னர் ஏறத்தாழ 15 மாவட்டங்கள், ஆயிரத்தை நெருங்கிய பள்ளிகள் என்று அது வளர்ந்தது. அரசுப் பள்ளிகளில், அரசு ஆசிரியர்களைக் கொண்டு, முப்பது ஆண்டுகள்.

இதை ஒரு பொற்காலமாக வரைவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இடமாற்றம் பெறுவார். அவருடைய இடத்துக்கு வருபவர் பயிற்சி பெறாதவர். உடைந்த கருவிகளுக்கு மாற்று உரிய காலத்தில் வராது. சோதனை செய்யாமலே விடையை எழுதிப்போட்ட வகுப்பறைகளும் இருந்தன. எட்டாம் வகுப்பு வரை கேள்வி கேட்டுப் பழகிய மாணவர் ஒன்பதாம் வகுப்பில் மறுபடியும் மனப்பாடத்திடம் ஒப்படைக்கப்பட்டார். பெற்றோரின் கவலை அதனால் பொய்யானதன்று. உயிரியல் பாடங்களுக்கு இன்னொரு தனித்தொல்லையும் உண்டு. காந்தமும் விளக்கும் எந்த மாதத்திலும் வேலை செய்யும். தவளை ஜூலையில்தான் முட்டையிடும். பாடவேளை அட்டவணையும் தேர்வு நாளும் மழையைக் கேட்டு வகுக்கப்படுவதில்லை. ஆசிரியர் தவளைப் பாடத்தை முன்னே இழுக்கவும் விதைப் பாடத்தைப் பின்னே தள்ளவும் உரிமை பெற்றிருந்தால்தான் இக்கல்வி நடக்கும். அந்த உரிமையைத் தாங்கிப்பிடிக்க மேலிருந்து கீழ்வரை ஓர் அமைப்பு வேண்டும். ஹோஷங்காபாத் கட்டியெழுப்பியது அவ்வமைப்பைத்தான்: பயிற்சி, மாதக்கூட்டம், தேர்வு, கருவி, பாடநூல் ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

2002 ஜூலையில் மத்தியப் பிரதேச அரசு திட்டத்தை நிறுத்தியது. மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நாடெங்கிலுமிருந்து அறிவியலாளரும் கல்வியாளரும் எழுப்பிய எதிர்ப்பு அரசின் முடிவை மாற்றவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து வந்த 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, குழந்தை தன் அனுபவத்திலிருந்து அறிவைக் கட்டியெழுப்புகிறது என்ற கொள்கையை நாட்டின் பொதுக்கொள்கையாக்கியது. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை சூழ்நிலையியலை அறிவியல், சமூக அறிவியல் என்று பிரிக்காமல் ஒரே பாடமாகத் தந்தது. அதையொட்டி வந்த பாடநூல்கள் இனிமையானவை. ஹோஷங்காபாதின் கருத்து வென்றது என்று இதைச் சொல்வோர் உண்டு. கருத்து வென்றது உண்மையே. ஆனால் புத்தகம் நாடு முழுவதற்கும் வந்தபோது, மூன்று கோடைகளும் மாதக்கூட்டங்களும் அதனோடு வரவில்லை. அனுபவத்திலிருந்து கற்பிக்கச் சொல்லும் நூலை, அந்த அனுபவம் கிட்டாத ஆசிரியர் கையில் கொடுத்திருக்கிறோம். அவர் அதையும் வினா விடையாக மாற்றினால் பழி அவர்மேல் விழுகிறது. 1937, 1966, 1975 ஆவணங்களில் நாம் கண்ட அதே இடைவெளிதான் இது.

7

இரண்டு வார வகுப்பின் இறுதி நாட்களில் நாங்கள் படத்தைத் திருத்தி வரைந்தோம். மாணவர்கள் அருகிலிருந்த குட்டையிலிருந்து கொண்டுவந்த தலைப்பிரட்டைகள் 40. எட்டாம் நாள் உயிரோடு இருந்தவை 17. இறந்த ஒவ்வொன்றையும் நாள்வாரியாகக் குறித்திருந்தார்கள். வட்டத்துக்குப் பதிலாக நீளவாக்கில் ஒரு கோடு வரையலாம் என்று ஒரு மாணவர் சொன்னார். முட்டைகளின் முனையில் மிகத் தடிமனாகத் தொடங்கி, நிலைதோறும் மெலிந்து, தவளையில் ஒரு நூலாக முடியும் கோடு. வழியில் கிளைபிரிந்து மீனுக்கும் கொக்குக்கும் வெயிலுக்கும் செல்லும் கோடுகள். தவளையின் முனையிலிருந்து இரண்டு அம்புகள்: ஒன்று புதிய முட்டைத் தொகுதியொன்றுக்கு, மற்றொன்று மண்ணுக்கு. அழகான படம் என்று சொல்ல முடியாது. கரும்பலகை முழுதும் நிறைந்துவிட்டது.

கிழத்தவளை பற்றிய கேள்வியைக் கொண்டுவந்த மாணவி அப்படத்தைத் தம் கைபேசியில் எடுத்துக்கொண்டார். மறுவாரம் அப்பள்ளிக்குச் சென்று அச்சிறுமியிடம் அதைக் காட்டியிருக்கிறார். சிறுமி நெடுநேரம் பார்த்துவிட்டு வேறொரு கேள்வி கேட்டாளாம்: "மண்ணுக்குப் போகிற அம்பு அங்கேயே நின்றுவிடுகிறதே, அதற்கு அப்புறம்?"

அதற்கான விடையை நாங்கள் இன்னும் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு பூந்தொட்டிகள், ஒரு கூடை காய்ந்த இலை, கொஞ்சம் மண்புழுக்கள். மூன்று மாதமாவது ஆகும். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பணியாற்றும் நண்பர்கள் இதைச் செய்து பார்த்திருந்தால், முக்கியமாக அது பொய்த்திருந்தால், எழுதுங்கள்.